பிட்டே வெண்டன்

ரஸ்மாவை ரீகா விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஓயார்ஸ் ஒப்புக்கொண்டது சுத்த மடத்தனம். செஸிஸ் ஊரில் வேறு டாக்ஸியே இல்லையா என்ன? இருக்கிறது. ஆனால் அவள் தன் ரொட்டிக்கடை வாசலில் மாவுக் கையோடு நின்று, "செவ்வாய்க்கிழமை காலையில ஏர்போர்ட்டுக்கு வண்டி வருமா, ஓயார்ஸ்?" என்று கேட்டபோது, "போகாதீங்க" என்று சொல்ல வேண்டிய வாய் "வரும்" என்று சொல்லிவிட்டது. தன் வாயைப் பற்றி ஓயார்ஸுக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் கிடையாது.

அந்த வாயால்தான் அவருடைய மனைவியும் போனாள். "உன்னோட பேசறதுக்கு அடுப்போட பேசலாம். அதுவாவது அப்பப்ப படபடன்னு வெடிக்கும்" என்று சொல்லிவிட்டு, வால்மியராவில் பியானோ ரிப்பேர் செய்யும் ஒருத்தனோடு குடித்தனம் பண்ணப் போய்விட்டாள். அதெல்லாம் பழைய கதை. அதற்குப் பிறகு ஓயார்ஸ் தினமும் காலையில் ரஸ்மாவின் கடைக்குப் போய் ஒரு கறுப்பு ரொட்டி வாங்கினார். தனி ஆள் ஒரு வாரம் வைத்துச் சாப்பிடுகிற ரொட்டி அது. தினம் ஒன்று வாங்கினால் என்ன ஆகும்? குளத்து வாத்துகள் எல்லாம் கொழுத்துப்போய், பறக்க முடியாமல் கரையில் நடந்து திரிந்தன. விஷயம் ஊருக்கே தெரியும். வாத்துகளுக்கும் தெரியும். ரஸ்மாவுக்குத் தெரியுமா என்பதுதான் ஓயார்ஸுக்குத் தெரியாது.

சொல்லிப்பார்க்காமலும் இல்லை. போன வருஷம் அவளுடைய பெயர் நாளன்று பூவோடு போனார். எங்கள் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் சில பெயர்கள் இருக்கும்; அந்தப் பெயருள்ளவர்களுக்கு அன்று கொண்டாட்டம். பெயர் நாளைக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. காலண்டரில் பெயரைப் பார்த்துவிட்டு அவரவராகப் போய் நிற்க வேண்டியதுதான். ஐந்து ரோஜா வாங்கினார். இறங்கும்போது கார்க் கதவில் ஒன்று நசுங்கிவிட்டது. கையில் மிச்சம் நாலு. இரட்டைப்படையில் பூ கொண்டுபோவது எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு மட்டும்தான். ரஸ்மா பூவைப் பார்த்தாள், அவருடைய முகத்தைப் பார்த்தாள். முகமும் அதற்குத் தகுந்த மாதிரிதான் இருந்தது.

"ஐயோ, யாரு போயிட்டாங்க?"

"பெரியம்மா" என்றது வாய்.

அப்படி ஒரு பெரியம்மா ஓயார்ஸுக்குக் கிடையாது. ரஸ்மா துக்கம் விசாரித்து, அன்றைக்கு ஒரு ரொட்டி கூடுதலாகவே கொடுத்து அனுப்பினாள். வாத்துகளுக்கு நல்ல வேட்டை.

இப்போது அவள் ஒரேயடியாகப் போகிறாள். புருஷன் போன பிறகு தனியாளாக நடத்திய கடையை மூடிவிட்டு, அயர்லாந்தில் இருக்கிற மகள் டைகாவிடம். காரணம் ஒன்றுதான்: இந்தக் கோடையில் ஜெர்மன்காரர்கள் வரவில்லை. கோட்டை அடிவாரத்துக் கடை அது. உள்ளூர்க்காரர்கள் வாங்குவதை வைத்து அடுப்புக்கு விறகு வாங்கலாம், அவ்வளவுதான். பிழைப்பே கோடையில் வருகிற ஜெர்மன்காரர்களை நம்பித்தான். கொள்ளுத்தாத்தா பிறந்த வீடு எது, கொள்ளுப்பாட்டி கல்யாணம் பண்ணிய கோயில் எது என்று தேடிக்கொண்டு வருவார்கள். ஊர் எல்லையில் செஸிஸ் என்று எத்தனை பெரிதாக எழுதியிருந்தாலும் அவர்களுடைய வாயில் அது வெண்டன்தான். மெழுகும் தோலும் வாங்க வந்த அந்தக் காலத்து ஜெர்மன் வியாபாரிகள் வாயில் புழங்கிய பெயர். ரஸ்மா ஜெர்மனியில் கீல் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் சில வருஷம் வேலை பார்த்தவள். "வெண்டனுக்கு வாங்க வாங்க" என்று ஜெர்மனிலேயே வரவேற்று, சீமைச் சீரகம் போட்ட ரொட்டியை ஆளுக்கு ரெண்டாகத் தலையில் கட்டிவிடுவாள்.

போன கோடையிலேயே, "கூட்டம் கொஞ்சம் குறைவுதான்" என்று அவள் பேச்சுவாக்கில் சொன்னாள். ஓயார்ஸ் அதை மனதில் போட்டுக்கொண்டார். பேச வராதவன் ஒரு காரியமாவது செய்து காட்ட வேண்டாமா?

யோசனையைக் கொடுத்தது அவருடைய கார். ஜெர்மனியில் ஓடித் தேய்ந்து இங்கே விலைக்கு வந்த கார். ஒரு பல் டாக்டர் ஓட்டியது என்று விற்றவன் சொன்னான். இந்த நாட்டுக்கு வருகிற ஜெர்மன் கார் எல்லாமே ஏதோ ஒரு பல் டாக்டர் ஓட்டியதுதான். அதில் ஒரு ஜி.பி.எஸ். இருந்தது. பெண்குரல், சுத்தமான ஜெர்மன். வாங்கிய அன்றே ஓயார்ஸ் ஊர்ப் பெயரை அதில் எழுத்தெழுத்தாக அழுத்தினார். கண்டுபிடித்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கடைசிப் பொத்தானைக் கொஞ்சம் ஓங்கி அழுத்தியதில் அது உள்ளே போனது போனதுதான், இனி வேறு ஊரை மாற்ற முடியாது. சத்தத்தைக் குறைக்கிற திருகு டாக்டர் காலத்திலேயே கழன்றிருந்தது. ஆக, அவளுடைய வாயை அடைக்க வழியில்லை.

ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவரை அவள் வாயே திறக்க மாட்டாள். எல்லையைத் தாண்டினால் போதும், ஆரம்பித்துவிடுவாள்: "வென் மோக்லிஷ், பிட்டே வெண்டன்." ரீகா பக்கம் போனாலும் சரி, வேறு எந்தப் பக்கம் போனாலும் சரி, ஊரை விட்டுத் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறவரை அதே பாட்டு. திரும்பி வர ஆரம்பித்ததும் அமைதியாகிவிடுவாள். ஓயார்ஸுக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் வெண்டன் தெரியும். பிட்டே என்றால் 'தயவுசெய்து' என்பதும் தெரியும். டாக்ஸி ஸ்டாண்டில் விஸ்வால்டிஸைக் கேட்டார். விஸ்வால்டிஸ் சோவியத் காலத்து யுத்தப் படங்கள் அத்தனையும் பார்த்தவன். கையைத் தூக்கு, சுடு, சரணடை என்று ஜெர்மன் அவனுக்கு அத்துப்படி.

"இதுல என்னடா சந்தேகம்? தயவுசெஞ்சு வெண்டனுக்குப் போங்கன்னு கெஞ்சறா."

"அந்த மோக்லிஷ்?"

"ஆள் பேரா இருக்கும். பழைய ஓனரு. டாக்டர் மோக்லிஷ்."

எல்லாம் பொருந்தி வந்தது. பாவம், அவளுக்கு இந்த ஊர் பிடித்துப்போயிற்று. கொஞ்சம் தள்ளிப்போனாலும் டாக்டரிடம் மன்றாடுகிறாள். வசந்த காலத்தில் இரண்டு ஜெர்மன் கிழவிகளை ரீகாவுக்கு ஏற்றிப்போனபோது, அவர்கள் இந்தக் குரலைக் கேட்டு வழியெல்லாம் கண்ணில் நீர் வரச் சிரித்து, இறங்கும்போது ஓயார்ஸைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு வார்த்தைக்கு ஜெர்மன்காரர்களிடம் என்ன மவுசு என்று அப்போதே அவருக்குப் புரிந்துபோயிற்று.

கோடை பிறந்ததும் ஒரு பெரிய பலகை வாங்கினார். ரோட்டுப் பலகை மாதிரி கண்ணியமாக இருக்கட்டும் என்று மஞ்சள் பூசி, கறுப்பில், எல்லாம் பெரிய எழுத்தாக, இரண்டு பக்கமும் எழுதினார்: பிட்டே வெண்டன். ரீகா நெடுஞ்சாலையில் செஸிஸ் ரோடு பிரிகிற முனையில் கொண்டுபோய் நட்டார்.

"ரொட்டிக்காரம்மாவுக்காகவாடா?" என்று விஸ்வால்டிஸ் சீண்டினான்.

"சுற்றுலா வளர்ச்சிக்கு."

"வளரட்டும், வளரட்டும். வாத்தே அந்த வளர்த்தி வளருது."

ரஸ்மாவிடம் ஓயார்ஸ் மூச்சு விடவில்லை. கூட்டம் வந்து குவிந்த பிறகு அவளே கேட்பாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். கூட்டம் வரவில்லை. ஆனி போய் ஆடி பிறந்தது. போன வருஷம் வந்ததில் கால்வாசிகூட இல்லை. எழுத்து சின்னதாகிவிட்டதோ என்று ஓயார்ஸ் இன்னும் பெரிதாக எழுதி, இருட்டிலும் மினுக்குகிற சாயம் பூசினார். மிச்சசொச்சம் வந்துகொண்டிருந்தவர்களும் நின்றுபோனார்கள். "உன் போர்டு மட்டும் இல்லேன்னா இன்னும் மோசமாயிருக்கும்" என்று விஸ்வால்டிஸ் ஆறுதல் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை காலையில் ரஸ்மா ஒரு பெரிய பெட்டியோடும் துணியில் சுற்றிய ஒரு ரொட்டியோடும் நின்றாள். பெட்டியைப் பின்னால் வைத்தார். முன் சீட்டில் உட்கார்ந்து ரொட்டியை அவருடைய மடிப்பக்கம் நகர்த்தினாள்.

"கடைசி அடுப்புல சுட்டது. இதையாவது நீங்க சாப்பிடுங்க. வாத்துக்குப் போடாதீங்க."

ஓயார்ஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்படியென்றால் தெரிந்திருக்கிறது! எத்தனை நாளாக? வாயைத் திறந்தார். "பெல்ட் போட்டுக்கோங்க" என்றது வாய்.

ஊர் எல்லை தாண்டியது. காளான் காலம், காட்டோரம் முழுக்கக் கார்கள் நின்றன, மரங்களுக்கு நடுவே காளான் பறிக்கிறவர்களின் குனிந்த முதுகுகள் தெரிந்தன. ஜி.பி.எஸ். தொண்டையைச் சரிசெய்துகொண்ட மாதிரி ஒரு 'டிங்' போட்டது. "வென் மோக்லிஷ், பிட்டே வெண்டன்."

ரஸ்மா சட்டென்று அதைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"இது என்ன இப்படிச் சொல்லுது?"

"அவ எப்பவும் அப்படித்தான்" என்றார் ஓயார்ஸ். "மனசுல இருக்கறதை மறைக்கத் தெரியாது."

ரஸ்மாவின் கன்னம் சிவந்துபோயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு வளைவு போனதும் மறுபடி 'டிங்'. பிட்டே வெண்டன்.

"நீங்களா இதை இப்படிச் சொல்ல வெச்சீங்க?" குரல் மெதுவாக வந்தது.

"நானேதான். எழுத்தெழுத்தா அழுத்தினேன்."

"எனக்கு ஜெர்மன் தெரியும்னு தெரிஞ்சுதானே?"

"தெரியாமலா? ஊருக்கே தெரியுமே."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஓயார்ஸ் இதுவரை பார்த்ததில்லை. கடையில் எல்லாருக்கும் கொடுக்கிற சிரிப்பு இல்லை அது. எதற்கு என்று தெரியாவிட்டாலும் அவருக்கும் உள்ளே ஒரு குளிர்ச்சி.

"அப்புறம் ஏன் நேரா ஓட்டிக்கிட்டே போறீங்க?"

"நீங்கதானே ஏர்போர்ட்டுன்னீங்க?"

சிரிப்பு அணைந்துபோயிற்று. "நல்ல மனுஷன்!" என்று ரஸ்மா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். என்ன தப்பாகச் சொன்னோம் என்று ஓயார்ஸுக்கு விளங்கவில்லை. அடுத்த 'டிங்'குக்கு அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முனை வந்தது. ரீகா பக்கமிருந்து வந்த ஒரு ஜெர்மன் வண்டி, பின்னால் கட்டிலும் அடுப்பும் வைத்த பெரிய வேன், ஓயார்ஸின் பலகைக்கு எதிரில் நின்றிருந்தது. ஒரு பெரியவர் இறங்கிப் பலகையைப் படித்தார், தலையைச் சொறிந்தார், உள்ளே இருந்த மனைவியிடம் கையை விரித்துக் காட்டினார். அப்புறம் ஏறி, ஒழுங்காக விளக்கைப் போட்டுக் காட்டி, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார்.

"நிறுத்துங்க" என்றாள் ரஸ்மா.

நிறுத்தினார். அவள் கண்ணாடி வழியாகப் பலகையையே பார்த்தாள்.

"இதை யார் இங்க வெச்சது?"

இதற்காகத்தான் ஒரு கோடைக்காலமே காத்திருந்தார். "நான்தான். உங்க கடைக்கு ஆள் வரட்டும்னு. கோடை ஆரம்பத்துலயே வெச்சுட்டேன்."

"இதுல என்ன எழுதியிருக்குன்னு நெனச்சீங்க?"

"'தயவுசெஞ்சு, வெண்டன்!' வெண்டனுக்கு வாங்கன்னு."

ரஸ்மா கண்ணை மூடித் திறந்தாள். "வெண்டன்னா ஊர் பேரு மட்டும் இல்லை. ஜெர்மன்ல அதுக்குத் திரும்பறதுன்னு அர்த்தம். 'தயவுசெஞ்சு வண்டியைத் திருப்புங்க'. இதைத்தான் எழுதி வெச்சிருக்கீங்க. ஜெர்மன்காரங்க போர்டு சொன்னா கேக்கறவங்க. கேட்டிருக்காங்க. ஒரு கோடை பூரா!"

ஓயார்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்து ஜெர்மன் டீச்சர்கூட ஒருநாள் ரீகாவிலிருந்து வரும்போது, ரோடு வேலை நடக்கிறதாக்கும் என்று திரும்பி, காட்டு வழியாகச் சுற்றிச் சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தது இப்போது ஞாபகம் வந்தது. இன்னும் பெரிதாக எழுதியது ஞாபகம் வந்தது. மினுக்குகிற சாயம் ஞாபகம் வந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இவர் இரண்டு பக்கமும் எழுதி நட்டு வைத்திருக்கிறார். அவளை ஊரை விட்டுத் துரத்தியது வேறு யாருமில்லை.

"அப்போ இவ?" ஜி.பி.எஸ்ஸைக் காட்டினார்.

"'முடிஞ்சா தயவுசெஞ்சு திரும்புங்க'ங்கறா."

"அப்போ டாக்டர் மோக்லிஷ்?"

"எந்த டாக்டர்?"

"ஒண்ணுமில்ல."

ரஸ்மா சீட்டில் சாய்ந்துகொண்டாள். குரலில் கோபம் இல்லை. கோபமே தேவலாம் என்று இருந்தது. "நான் ஒரு பைத்தியம். நீங்கதான் வாயால சொல்ல முடியாம மெஷினை விட்டுச் சொல்லறீங்கன்னு நெனச்சுட்டேன். இவ்வளவு தூரமும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு வந்தேன். உங்களுக்கு அர்த்தமே தெரியாது." கைப்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஓட்டுங்க. நேரமாச்சு."

ஓட்டினார். இனி என்ன செய்ய? நெடுஞ்சாலையில் லாரிகள் போயின. ஒவ்வொரு வளைவுக்கும் 'டிங்'. திரும்புங்க. தயவுசெஞ்சு திரும்புங்க. இப்போது இரண்டு பேருக்குமே அர்த்தம் தெரியும், அதுதான் வேதனை. ஓயார்ஸ் ஜி.பி.எஸ். மேல் தொப்பியைக் கவிழ்த்து மூடிப் பார்த்தார். தொப்பிக்குள்ளிருந்து சொன்னாள்.

"போர்டை இன்னைக்கே பிடுங்கிடறேன்" என்றார்.

"செய்யுங்க."

"ஊர்ல எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன், என் தப்புதான்னு."

"சொல்லுங்க."

'டிங்.' பிட்டே வெண்டன்.

"இவ ஒருத்தியாவது சொல்றா" என்றாள் ரஸ்மா, ஜன்னலைப் பார்த்தபடி.

ரீகா நெருங்கியது. விமான நிலையத்துக்கு அம்புக்குறி போட்ட பலகை வந்தது. அதைத் தாண்டிவிட்டால் அப்புறம் பெட்டியை இறக்குவதும் கைகுலுக்குவதும் மட்டும்தான் பாக்கி. கைகுலுக்கும்போது இந்த வாய் "நல்லபடியா போய்ட்டு வாங்க" என்று சொல்லித் தொலைக்கும். வண்டியை ஓரம் கட்டினார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

வாயைத் திறந்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது. வழி முழுக்க வாய் மூடாத ஜி.பி.எஸ்ஸும் வண்டி நின்றதும் கம்மென்று இருந்தாள். உதவிக்கு அவளுமில்லை. அவளிடமிருந்து கற்றுக்கொண்டது மட்டும்தான் இருந்தது.

"பிட்டே" என்றார். "பிட்டே வெண்டன்."

ரஸ்மா திரும்பினாள். "எந்த வெண்டன்? ஊரா, திரும்பறதா?"

"ரெண்டும்."

"மெஷின் சொன்னதையே சொன்னா எப்படி?" கைப்பையை மடியிலிருந்து இறக்கிவைத்தாள். "நம்ம பாஷையில சொல்லு."

சொல்லு என்றாள். சொல்லுங்க இல்லை. இத்தனை வருஷத்தில் கேட்காத வார்த்தை.

"போகாத, ரஸ்மா."

சொல்லிவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார், மலையேறி வந்தவர் மாதிரி. ரஸ்மா கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

"இந்த ஒரு வார்த்தைக்கு ஒரு ஜெர்மன்காரி, ஒரு போர்டு, செத்துப்போன ஒரு பெரியம்மா, ஊர் வாத்து அத்தனையும் வேண்டியிருந்திச்சு, இல்ல?"

"பெரியம்மாவையும் தெரியுமா?"

"உனக்குப் பெரியம்மாவே கிடையாதுன்னு ஊருக்கே தெரியும், ஓயார்ஸ். திருப்பு வண்டிய."

திருப்பினார். அந்தச் சமயம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. மகள் டைகா.

"அம்மா, உள்ள போயிட்டியா?"

"இல்லடி. வழியெல்லாம் ஒரு ஜெர்மன்காரி திரும்பு திரும்புன்னு கெஞ்சிக்கிட்டே வந்தா. கேட்டுத்தான் பாப்பமேன்னு தோணிச்சு. கிறிஸ்துமஸுக்கு வரேன். ஒரு ஆளையும் கூட்டிட்டு வருவேன். பயப்படாத, அதிகமாப் பேச மாட்டாரு."

முனைக்கு வருமுன் சாலையோர மரத்தடியில் அந்த வேன் நின்றது. பெரியவரும் மனைவியும் வரைபடத்தை விரித்துவைத்துக் குழம்பிக்கொண்டிருந்தார்கள். ரஸ்மா இறங்கிப்போய் ஜெர்மனில் ஏதோ சொன்னாள். பெரியவர் ஓயார்ஸைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேன் பின்னாலேயே வந்தது. முனையில் நாலு பேருமாகப் பலகையைப் பிடுங்கினார்கள்.

ஓயார்ஸ் அதை அடுப்பில் போட்டுவிடலாம் என்றார். ரஸ்மா விடவில்லை. கடைக் கதவின் உள்பக்கம் மாட்டினாள், வெளியே போகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி. மறு கோடையில் ஜெர்மன்காரர்கள் ரொட்டி வாங்கிக்கொண்டு கதவுவரை போவார்கள், பலகையைப் படிப்பார்கள், சிரித்தபடி திரும்பிவந்து இன்னொன்று வாங்குவார்கள்.

ஓயார்ஸ் இப்போதெல்லாம் ரொட்டி வாங்குவதில்லை. அவள் அறுத்து வைப்பதை அவள் வீட்டு மேஜையிலேயே உட்கார்ந்து தின்கிறார். குளத்து வாத்துகள் பத்து நாள் கரையில் நின்று பார்த்தன. இளைத்துப்போய், பனி விழுமுன் எல்லாம் ஒன்றாகக் கிளம்பித் தெற்கே பறந்துவிட்டன. அந்த வருஷம் ஊரை விட்டுப் போனது அவை மட்டும்தான்.